முன்னால் ரிப், ஹவுசிங்கில் லக்: லாரிக்கு டயர் போடும் முறை

"எது நல்ல டயர்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "எந்த இடத்துக்கு?" என்றுதான். முன்னால் வண்டியைத் திருப்பும் டயர், ஹவுசிங்கில் (எஞ்சின் விசையில் சுழலும் பின் ஆக்ஸிலில்) வண்டியைத் தள்ளும் டயர், டிரெய்லரில் சும்மா உருண்டு வரும் டயர், மூன்றுக்கும் வேலை வேறு. கம்பெனிப் பெயரை அப்புறம் பார்க்கலாம்.

முதலில் டயரின் பக்கவாட்டு எழுத்தைப் படியுங்கள். 295/80 ஆர் 22.5, 152/148 எம் என்று இருந்தால், அகலம் 295 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ஆர் என்றால் ரேடியல் வகை, டயர் உட்காரும் டிஸ்க்கின் விட்டம் 22.5 அங்குலம். பலரும் கண்டுகொள்ளாமல் விடுவது கடைசி எண்களைத்தான். 152 என்றால் ஒற்றையாக ஓடும்போது ஒரு டயர் 3,550 கிலோ தாங்கும். 148 என்றால் ஜோடியில், அதாவது ஒரே பக்கத்தில் இரண்டு டயர் சேர்ந்து ஓடும்போது ஒவ்வொன்றும் 3,150 கிலோ. எம் என்பது மணிக்கு 130 கிலோமீட்டர் வேகம் வரை. அதாவது இந்த டயரைப் போட்டால் முன் ஆக்ஸிலுக்கு 7,100 கிலோ, நான்கு டயர் உள்ள பின் ஆக்ஸிலுக்கு 12,600 கிலோ. உங்கள் லோடு ஆக்ஸிலுக்கு எவ்வளவு வருகிறது என்று எடைமேடையில் பார்த்துவிட்டு வாங்குங்கள். வயதையும் பாருங்கள்: பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கம் 3523 என்றால் 2023இன் 35ஆவது வாரத்தில் செய்தது.

முன்னால் ரிப் டயர். நீளவாக்கில் பள்ளம் ஓடுகிற பூ (தரையில் படும் ரப்பரின் வடிவம்). ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும், ஒரே சீராகத் தேயும். வண்டியில் இருப்பதிலேயே நல்ல இரண்டு டயர் இங்கேதான் போக வேண்டும். ரீட்ரெட் டயரை (தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் ஒட்டியதை) நான் முன்னால் போட்டுத் தர மாட்டேன், எத்தனை பேர் கேட்டாலும் சரி. பின்னால் ஒன்று வெடித்தால் பக்கத்து டயர் கொஞ்ச தூரமாவது தாங்கும், முன்னால் வெடித்தால் ஸ்டியரிங்கே கையை விட்டுப் போகும்.

ஹவுசிங்கில் லக் டயர். கட்டைகட்டையான ஆழப் பூ, ஈரத்திலும் மண்ணிலும் பிடித்துத் தள்ளும். நல்ல கேசிங்கில் (பூவுக்கு அடியில் உள்ள டயரின் உடலில்) முறையாகச் செய்த ரீட்ரெட் இங்கே தாராளமாக ஓடும். ஆனால் கல்குவாரிக்கென்று செய்த தடித்த டயரை நெடுஞ்சாலை வண்டிக்குப் போடாதீர்கள். ரப்பர் தடிமனாக இருக்கிறதே, நாள்பட உழைக்கும் என்று தோன்றும். நீண்ட தூரம் வேகமாக ஓடும்போது அந்தத் தடிமனே சூட்டை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

டிரெய்லருக்கு ஆழம் குறைந்த ரிப் போதும். முன்னால் பாதி தேய்ந்த ரிப் டயரையும் இங்கே மாற்றலாம். லக் டயரை முன்னால் கொண்டுவர வேண்டாம். சத்தம் போடும், கட்டைகள் ஒழுங்கில்லாமல் தேயும்.

இனி ஜோடி விஷயம். காசு அதிகம் கரைவது இங்கேதான். இரண்டு டயரும் ஒரே ஹப்பில் இருப்பதால் சுற்றும் எண்ணிக்கை ஒன்றுதான். ஒன்றின் விட்டம் 6 மில்லிமீட்டர் குறைந்தாலே சுற்றளவு ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் குறைகிறது. மேலே சொன்ன அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு முந்நூறு தடவைக்கு மேல் சுற்றும். கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு 6 மீட்டர் அளவுக்குச் சின்ன டயர் சாலையில் இழுபடுகிறது. அதோடு பெரிய டயர் கூடுதல் பாரமும் சுமக்கிறது. அதனால் மாட்டுவதற்கு முன் டேப்பைச் சுற்றி அளந்துவிடுங்கள், கண் ஏமாற்றும். விட்ட வித்தியாசம் 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரிய டயரை ஜோடியின் வெளிப்பக்கம் மாட்டுங்கள். சாலையின் நடு மேடாக இருப்பதால் உள் டயருக்கு ஏற்கெனவே பாரம் கூடுதல். ஹவுசிங் இரண்டு இருக்கும் வண்டியில் எட்டு டயரையும் ஒப்பிட வேண்டும், இல்லையென்றால் நடு டிஃபரன்ஷியல் (இரண்டு ஹவுசிங்குக்கும் விசையைப் பிரித்துத் தரும் கியர்) ஓயாமல் வேலை செய்து சூடாகும். ரேடியலையும் நைலானையும் (இழைகளைக் குறுக்குமறுக்காக அடுக்கிச் செய்த வகை) ஒரே ஆக்ஸிலில் கலக்கவே கூடாது.

வால்வுகளை எதிரெதிராக வையுங்கள். உள் டயருக்குக் காற்றுப் பிடிக்கக் கை நுழைய வேண்டுமே. கை நுழையாவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள், உள் டயர் பட்டினியில் ஓடும். 20 சதவீதம் காற்று குறைந்த டயரைப் பஞ்சர் டயராகவே எடுத்துக்கொண்டு கழற்றிப் பாருங்கள். காற்றுப் பார்ப்பது குளிர்ந்த டயரில். ஓடிவந்த சூட்டில் ஏறிய காற்றை இறக்கிவிடாதீர்கள்.

நட்டை வட்டமாக வரிசையில் முறுக்காமல் எதிரெதிராக முறுக்குங்கள். 50லிருந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் (நட்டின் முறுக்கு இறுக்கம்) பாருங்கள். நட்டு ஓரத்தில் துரு வழிந்த கோடு தெரிந்தால் அது தளர்ந்திருக்கலாம்.

தேய்மானத்தையும் படிக்கப் பழகுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடு தேய்ந்தால் காற்று அதிகம், ஒரு ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட். குழிகுழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரையும் பேலன்ஸையும் பாருங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே மாதிரிதான் தேயும்.

ஸ்டெப்னிக்கு ரிப் டயரையே வையுங்கள், முன் டயருக்கு உரிய லோடு எண்ணோடு. வழியில் எந்த இடத்தில் பஞ்சரானாலும் அது உதவும். தேய்ந்த டயருக்கு ஜோடியாகப் போட நேர்ந்தால் காற்றைச் சரிபார்த்து மெதுவாக ஓட்டிப் போய், அடுத்த டயர் கடையிலேயே மாற்றிவிடுங்கள்.