ரத்தம் பட்டதும் எடுக்கும் ஸ்கேனை எப்படிப் பார்ப்பது

குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்கள் பலர், கர்ப்பமான இரண்டாம் மாதத்தில் லேசாக ரத்தம் பட்டதும் ஜீப் பிடித்துக் கம்பத்துக்கு இறங்கி, ஸ்கேன் எடுத்து, 'துடிப்பு இல்லை' என்ற ஒரே வரியோடு அழுதுகொண்டே மலையேறி வருவார்கள். என் தம்பி மனைவியும் அப்படித்தான் வந்தாள். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தால் கருவின் நீளம் 3 மி.மீ. அந்த அளவில் துடிப்பு தெரியாமல் போவது சகஜம்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது எண்ணைத்தான். உள்வழி ஸ்கேனில் (பிறப்புறுப்பு வழியாகக் கருவி வைத்து எடுப்பது) சி.ஆர்.எல். என்று போட்டிருக்கும் நீளம் 7 மி.மீ. அல்லது அதற்கு மேல் வந்தும் துடிப்பு இல்லை, இல்லாவிட்டால் கரு இருக்கும் பையின் சராசரி அளவு 25 மி.மீ. ஆகியும் உள்ளே கருவே இல்லை என்றால்தான் கலைந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்வார்கள். அதற்குக் குறைவாக இருந்தால் 7 முதல் 10 நாள் கழித்து இன்னொரு ஸ்கேன். அதுவரை 'க்ளீன் பண்ணிவிடலாம்' என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். ஒன்பதாம் நாள் இவளுக்கு 12 மி.மீ., துடிப்பும் வந்திருந்தது.

குழப்பம் பாதி தேதியில்தான். கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது என்றால், 'கண்ணகி கோயில் சித்ரா பௌர்ணமிக்கு முந்தின வாரம்' என்பார்கள். டாக்டர் கேட்பது மாதவிலக்கு தொடங்கிய முதல் நாளை, அதை இங்கிலீஷ் தேதியாக எழுதிக்கொண்டு போங்கள். பை ஐந்தாம் வாரத்தில் தெரியும், துடிப்பு ஆறு வாரத்துக்கு அப்புறம்தான். தேதி ஒரு வாரம் பிசகினால் நல்ல கருவும் வளராத கரு மாதிரித் தெரியும்.

துடிப்பு தெரிந்துவிட்டால் பெரும்பாலும் கரு தங்கிவிடும், பத்தில் ஒன்பது பேருக்கு அப்படித்தான். துடிப்பு ரொம்ப மெதுவாக இருந்தாலோ, பையை ஒட்டி ரத்தக்கட்டு பெரிதாக இருந்தாலோ கொஞ்சம் கவலைதான், மறு ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். படுத்த படுக்கையாகக் கிடந்தால் கரு நிற்கும் என்பதற்கு மட்டும் ஆதாரம் கிடையாது, மாமியார்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

டெஸ்டில் பாசிட்டிவ் வந்தும் கருப்பைக்குள் பையே தெரியவில்லை என்றால் கரு, கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் தங்கியிருக்கலாம். கூடவே ஒரு பக்கமாக வயிற்றுவலி, தோள்வலி, மயக்கம் என்று வந்தாலோ, மணிக்கு இரண்டு நாப்கின் நனைந்தாலோ பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் உள்ளே நுழைந்ததும் அதைச் சொல்லிவிடுங்கள், ஆன்டி-டி ஊசி தேவையா என்று அவர்கள் பார்ப்பார்கள்.