சிடி ஸ்கேனிலிருந்து முக எலும்பு மாடல்: ஓட்டையைப் பார்த்தால் ஸ்லைஸுக்குத் திரும்புங்கள்

முகத்தாடை அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர்களுக்கு சிடி ஸ்கேனிலிருந்து 3டி மாடல் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. புதிதாக வருபவர்களிடம் முதலில் சொல்வது இது: திரையில் சுழலும் எலும்பு, நாம் வைக்கும் ஒரு எண்ணால் உருவாவது. எண் மாறினால் எலும்பும் மாறும்.

ஃபைல் வந்ததும் ஸ்லைஸின், அதாவது ஸ்கேன் தரும் ஒவ்வொரு வெட்டுப் படத்தின், தடிமனைப் பாருங்கள். 25 செ.மீ. பரப்பை 512 பிக்சலில் எடுத்தால் ஒரு பிக்சல் சுமார் 0.49 மி.மீ. ஆனால் ஸ்லைஸ் 5 மி.மீ. என்றால் மண்டையோடு படிக்கட்டு மாதிரிதான் வரும். ஸ்மூத்திங் போட்டு அதை மறைக்காதீர்கள். மெல்லிய விளிம்புகள் தேய்ந்துவிடும். ஸ்கேன் சென்டரில் மூலத் தரவு அழிவதற்குள் கேட்டால், பெரும்பாலும் 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய ஸ்லைஸாக மறுபடி உருவாக்கித் தருவார்கள். நோயாளிக்கு இன்னொரு முறை கதிர்வீச்சு வேண்டாம்.

அப்புறம் த்ரெஷோல்ட்: எந்த எண்ணுக்கு மேல் இருப்பதை எலும்பு என்று எடுப்பது என்ற எல்லை. சிடியில் அடர்த்தியைக் காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில் தண்ணீர் 0, காற்று −1000. எலும்புக்கு 200-300இல் தொடங்கலாம், தொடங்க மட்டும்தான். கண்குழியின் தரை பல இடங்களில் 1 மி.மீ.க்கும் மெல்லியது. மேலே கொழுப்பு, கீழே சைனஸ் என்ற எலும்பு அறையின் காற்று. மூன்றும் ஒரே வாக்சலுக்குள் (3டி பிக்சல்) சராசரியாகும்போது எண் த்ரெஷோல்டுக்குக் கீழே போய்விடும். 3டியில் பெரிய ஓட்டை தெரியும். அதை முறிவு என்று எண்ணி டைட்டானியம் தகடுக்கு அளவெடுத்துவிடக் கூடாது. கரோனல் ஸ்லைஸை, அதாவது முகத்தை நேர் எதிரே இருந்து பார்ப்பது போன்ற வெட்டை, திறங்கள். மெல்லிய சாம்பல் கோடு அறுபடாமல் ஓடினால் எலும்பு இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் கையால் வரைந்து சேர்த்துவிடுங்கள். த்ரெஷோல்டை மொத்தமாகக் குறைத்தால் மற்ற எலும்பெல்லாம் தடித்துவிடும். கோடு அறுந்து கொழுப்பு சைனஸுக்குள் தொங்கினால் அது நிஜ முறிவு.

தாடையில் திடீரென்று ஒரு படி தெரிந்தால் அதே உயரத்தில் தோலின் கோட்டையும் பாருங்கள். அங்கேயும் படி இருந்தால் நோயாளி அசைந்திருக்கிறார்.

உலோகக் கேப் போட்ட பற்களைச் சுற்றி வெள்ளையும் கறுப்புமாகக் கீற்றுகள் ஓடும். கடிக்கும் பரப்பை சிடியிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள். வாய்க்குள் எடுக்கும் ஒளி ஸ்கேனை வாங்கிப் பொருத்துங்கள்.

அனுப்புவதற்கு முன் மாடலின் வெளிக்கோட்டை ஸ்லைஸ்கள்மேல் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கையால் சேர்த்த இடங்களை வேறு நிறத்தில் காட்டி, டாக்டருக்கு எழுத்திலும் கொடுங்கள்.