ஃபின்ச் கூண்டில் சண்டை: பல இனங்களைச் சேர்த்து வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

"சின்னக் குருவிங்கதானே, எல்லாம் ஒண்ணா இருக்கும்" என்று கடையில் சொன்னதை நம்பி ஃபின்ச் என்ற தானியம் தின்னும் சின்னக் குருவியில் ஜீப்ரா, பெங்காலிஸ், கோல்டியன் என்ற மூன்று இனத்திலும் ஒவ்வொரு ஜோடி வாங்கி ஒரே கூண்டில் விட்டேன். பத்தாம் நாள் காலையில் பெண் கோல்டியன் முதுகில் இறகில்லாமல் தரையில் ஒடுங்கிக் கிடந்தது. காப்பாற்ற முடியவில்லை. உங்கள் கூண்டில் அது நடக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. யாரோடு யார்?

ஜீப்ராவின் நீளம் நாலு அங்குலம்தான். ஆனால் குஞ்சு பொரிக்கும் காலத்தில் தன்னைவிடப் பெரிய பறவையையும் விரட்டும். கோல்டியன் எதிர்த்து நிற்காது, ஒதுங்கியே மெலியும். அதனால் முதல் கூண்டில் இந்த இரண்டையும் சேர்க்காதீர்கள். பெங்காலிஸ் மிகவும் சாது. வெண்முதுகுச் சில்லை என்ற காட்டுக் குருவியிலிருந்து மனிதர் பழக்கி உருவாக்கிய பறவை அது, காட்டில் கிடையாது. கோல்டியனுக்கு நல்ல துணை. ஒரே குறை, கூடு கட்ட மாட்டியிருக்கும் அடுத்தவர் பானைக்குள் கூட்டமாகப் புகுந்து தூங்கும்.

ஜாவா குருவிக்கு உடம்பும் அலகும் பெரிது, அதைத் தனியாக வையுங்கள். கட் த்ரோட் என்ற ஃபின்ச் அடுத்த கூட்டில் புகுந்து முட்டையையும் குஞ்சையும் வெளியே தள்ளக்கூடியது. லவ் பேர்ட்ஸ், பட்ஜீஸ் என்ற சின்னக் கிளிகள் இரண்டும் வேண்டவே வேண்டாம், ஃபின்ச்சின் காலைக் கடித்துவிடும். நம் ஊர்ச் சில்லைகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நிறமும் கவனிக்க வேண்டியது. தன்னைப் போலவே நிறமுள்ள பறவையை ஆண் பறவை அதிகமாகப் போட்டியாளனாகப் பார்க்கும். கோல்டியனுக்குள்ளேயே சிவப்புத் தலை ஆணுக்குக் கறுப்புத் தலை ஆண் வழிவிட்டு விலகுவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

2. கூண்டு

உயரத்தைவிட நீளம் முக்கியம். துரத்தப்படும் குருவி மேலே போய்த் தப்பிப்பதில்லை, பக்கவாட்டில் பறந்துதான் தப்பிக்கும். மூன்று ஜோடிக்கு ஆறடி நீளமாவது வேண்டும் என்பது என் கணக்கு. உட்காருவதற்கு உயரமான கம்பு ஒன்றே ஒன்று இருந்தால் அதற்கே சண்டை வரும். அதனால் இரண்டு கோடியிலும் ஒரே உயரத்தில் கம்பு கட்டுங்கள். நடுவில் இலையுள்ள கிளைகளைச் சொருகிவிட்டால் ஒன்றின் பார்வையிலிருந்து மற்றொன்று மறைய இடம் கிடைக்கும்.

3. பானை

முக்கால்வாசிச் சண்டை இங்கேதான். என் கோல்டியன் இறந்ததற்கும் காரணம் பானைதான். மூன்று ஜோடிக்கு மூன்றே பானை மாட்டியிருந்தேன், அதில் ஒன்று மற்றவற்றைவிட உயரத்தில் இருந்தது. கோல்டியன் அதில் நுழைந்த நாளிலிருந்து ஜீப்ரா ஆண் அதை விடவில்லை.

ஜோடிக்கு இரண்டு பானை வீதம், எல்லாவற்றையும் ஒரே உயரத்தில், வாய் ஒன்றையொன்று பார்க்காதபடி மாட்டுங்கள். தேங்காய் நாரும் புல்லும் தாராளமாகப் போடுங்கள், பற்றாக்குறை வந்தால் அடுத்த கூட்டிலிருந்து உருவும். முட்டை வைத்ததும் மிச்ச நாரை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஜீப்ரா முட்டைமேலேயே நாரை அடுக்கி இன்னொரு கூடு கட்டிவிடும்.

குஞ்சு வேண்டாம் என்றால் பானையே மாட்டாதீர்கள். பாதிச் சண்டை அன்றைக்கே அடங்கும்.

4. தீனி

தினை, தண்ணீர், சுண்ணாம்புச் சத்துக்கான கணவாய் ஓடு எல்லாமே இரண்டு இடத்தில், தள்ளித் தள்ளி. ஒரே கிண்ணம் வைத்தால் ஒரு முரட்டு ஆண் அதன் விளிம்பில் உட்கார்ந்தே மற்றவற்றைப் பட்டினி போடும்.

5. விடும் முறை

புதுப் பறவையை ஒரு மாதம் தனிக் கூண்டில் வைத்து, நோய் இல்லையென்று தெரிந்த பிறகு சேருங்கள். முடிந்தவரை எல்லா ஜோடியையும் ஒரே நாள் காலையில் விடுங்கள். முந்தி வந்தது கூண்டு முழுவதையும் தன்னுடையதாக்கிக்கொள்ளும். ஜோடியில்லாத ஆண் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஜீப்ராவில் இரண்டு ஜோடி வைத்தால் ஒன்று மற்றொன்றை நசுக்கும். ஒரு ஜோடி வையுங்கள், இல்லாவிட்டால் பெரிய கூண்டில் மூன்றுக்கு மேல்.

6. முதல் இரண்டு வாரம்

தினமும் காலையில் கால்மணி நேரம் கூண்டுக்கு எதிரே உட்காருங்கள். அலகோடு அலகு தட்டுவதும் ஒரு சுற்றுத் துரத்தி விட்டுவிடுவதும் சகஜம். ஒரே பறவையை விடாமல் துரத்துவது, தலையிலோ முதுகிலோ இறகு போயிருப்பது, ஒன்று மட்டும் உப்பிக்கொண்டு தரையில் இருப்பது, இவற்றில் எதைப் பார்த்தாலும் அன்றைக்கே பிரியுங்கள்.

அடிபட்டதை வெதுவெதுப்பான தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். அதோடு அடித்ததையும் வெளியே எடுங்கள். அதை அங்கேயே விட்டால் அடுத்த பறவையைத் தேடும். இரண்டு வாரம் கழித்துக் கம்பு, பானை எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டு, அடிபட்டதை முதலில் விடுங்கள். அடித்தது நான்கைந்து நாள் கழித்துக் கடைசியாக வரட்டும். மறுபடியும் துரத்தினால் அந்த ஜோடிக்குத் தனிக் கூண்டுதான்.