பார்சலில் வந்த முட்டைகளை அடை வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுவிடை என்னும் நாட்டுக்கோழியின் முட்டைகளைப் பேருந்துப் பார்சலில் வரவழைத்து இன்குபேட்டரில் வைக்கும் புதியவர்கள், முன்பு நான் செய்த அதே தவறைச் செய்துவிட்டு, அனுப்பியவர் கூமுட்டைகளைக் கொடுத்துவிட்டதாக வருந்துவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். விரிசல் விட்ட முட்டையை வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதற்குள் நான் போகவில்லை.

வந்த அன்றே இன்குபேட்டரில் வைப்பது

முதன்முதலில் வரவழைத்த 30 முட்டைகளையும், இரவில் பெட்டியைப் பிரித்த கையோடு, தானாகத் திருப்பும் தட்டில் அடுக்கினேன். பொரித்தவை நான்கு. மீதியை உடைத்துப் பார்த்தபோது, பதினொரு முட்டைகளில் இறகு முழுவதும் முளைத்த குஞ்சு, ஓட்டில் ஒரு கீறல்கூட இடாமல் இறந்து கிடந்தது. கரு கூடிய நல்ல முட்டைகள் அவை. கெடுத்தது என் அவசரம். இன்றும் யாராவது "வந்தவுடனே வைத்துவிட்டேன்" என்று சொன்னால் எனக்கு மனம் கொதிக்கிறது.

முட்டையின் அகன்ற முனையில், ஓட்டை ஒட்டிய இரண்டு சவ்வுகளுக்கு நடுவே காற்றறை இருக்கிறது. குஞ்சு ஓட்டை உடைப்பதற்கு முன் அலகால் இந்த அறையைத் துளைத்துத்தான் முதல் மூச்சை இழுக்கிறது. பயணக் குலுக்கலில் உள்சவ்வு பிரிந்துவிட்டால், காற்றுக்குமிழி ஓரிடத்தில் நில்லாமல் அலைகிறது. இருட்டில் டார்ச்சின் மேல் முட்டையை வைத்து மெல்லச் சாய்த்தால், ரசமட்டக் குமிழியைப் போல அதன் விளிம்பு நகர்வதைக் கண்ணாலேயே காணலாம். அந்த நிலையில் சூடேற்றித் திருப்பத் தொடங்கினால் சவ்வு மேலும் பிரிகிறது. கடைசி நாட்களில் குஞ்சுக்கு மூச்செடுக்க இடம் அமையாமல் போகிறது.

ஆகவே, கூர்முனை கீழே இருக்கும்படி அட்டைத் தட்டில் நிறுத்தி, வெயில் படாத அறையில் 24 மணி நேரம் ஆடாமல் விட்டுவிடுங்கள். பிறகு அதே நிலையிலேயே, விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸில் வைத்து, முதல் மூன்று நாட்கள் திருப்பாதீர்கள். நான்காம் நாள் முதல் 18ஆம் நாள் வரை, படுக்க வைக்காமல், இருபுறமும் சாய்த்துவிட்டால் போதும்.

கழுவுவது

கழுவாதீர்கள்.

இட்ட நாளைக் கேட்காமல் வாங்குவது

இட்ட ஏழு நாட்களுக்குள் அடை வைக்க வேண்டும். பயண நாளும் ஓய்வு நாளும் அதற்குள் அடக்கம்.

காற்றறை அலையும் முட்டையைத் தூக்கி எறிவது

அடுத்த முறை வந்த 24 முட்டைகளில் ஒன்பதில் காற்றறை அலைந்தது. அவற்றில் பென்சிலால் குறியிட்டு, மேற்சொன்னபடி ஓய்வு கொடுத்து வைத்தேன். ஐந்து பொரித்தன.