சிக்லிட் தொட்டி: மீன் வாங்குமுன் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள்

டெல்டாவுக்கு சிக்லிட் என்ற மீன் குடும்பம் புதிதல்ல. குளத்தில் வலை போட்டால் வருகிற ஜிலேபி கெண்டையும் அந்தக் குடும்பம்தான். அது எந்தத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். கடையில் வாங்கும் வண்ணமீன் அப்படியல்ல. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்டுக்குக் கடினமான தண்ணீர், அதாவது கால்சியம், மெக்னீசியம் நிறைந்த தண்ணீர் வேண்டும்; பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) 7.8 முதல் 8.6 வரை இருக்க வேண்டும். அதே குடும்பத்து அமேசான் மீனான டிஸ்கஸுக்கு மென்மையான தண்ணீர், பி.எச். 6 முதல் 7. கண்ணுக்குப் பிடித்ததை வாங்கிவிட்டு அப்புறம் தண்ணீருக்கு அலைவதுதான் பெரும்பாலான தொட்டிகளில் நடக்கும் முதல் தவறு.

அடுத்தது, தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை நம்புவது. 'போர் தண்ணீர் 1,200 காட்டுது, மலாவிக்கு இது போதும்' என்ற கணக்கு வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் காலை வாரும். மீட்டர் எல்லா உப்பையும் ஒன்றாகத்தான் எண்ணும். கடலோரத்தில் அதில் பெரும்பங்கு சாதாரண கறியுப்பாகவே இருக்கலாம். மீனுக்கு வேண்டியதோ கால்சியமும் மெக்னீசியமும் பைகார்பனேட்டும். வெந்நீர் அண்டாவின் அடியைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகக் காரை படிந்திருந்தால் நல்ல அறிகுறி. நாக்கில் கரிக்கிறது, அண்டாவில் காரையே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். சோதனைத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கும் ஜி.எச். (கால்சியம், மெக்னீசியம் அளவு), கே.எச். (பைகார்பனேட் அளவு) சோதனைதான் முடிவு சொல்லும்.

போரிலிருந்து இறைத்த கையோடு பி.எச். பார்ப்பதும் வீண். நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு, பி.எச்.சைக் குறைத்துக் காட்டும். வாளியில் காற்றுக்கல் (காற்று மோட்டார் குழாயின் நுனியில் குமிழி விடும் கல்) போட்டு 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

ஆற்றுமணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், பி.எச்.சை ஏற்றாது. மலாவி தொட்டிக்குக் கொஞ்சம் கிளிஞ்சல் தூள் கலக்கலாம், டிஸ்கஸுக்குக் கூடாது.

மணலைப் பரப்பி அதன்மேல் கருங்கல்லை அடுக்குவார்கள். சிக்லிட்டுக்குத் தோண்டுவதுதான் பொழுதுபோக்கு. கல்லுக்கு அடியில் வாயால் மணலை அள்ளி அள்ளித் துப்பும். ஒருநாள் கல் சரிந்து கண்ணாடி விரிசல் விடும். முதலில் அடிக்கண்ணாடியில் அரை அங்குல தெர்மகோல், அதன்மேல் கல், கடைசியில்தான் மணல். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகல உயரமுள்ள தொட்டி விளிம்புவரை 255 லிட்டர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே கால் டன் என்பதை ஸ்டாண்ட் வாங்கும்போது மறக்காதீர்கள்.

மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா ஃபில்டரில் வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் மீன்களைக் கொட்டினால் அம்மோனியா ஏறும். அதிலும் மலாவி தொட்டிக்கு ஆபத்து கூடுதல்: 28 டிகிரியில், பி.எச். 7-இல் மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவம் சுமார் 0.7 சதவீதம்தான், 8.2-இல் அது கிட்டத்தட்ட 10 சதவீதம்.

ஹீட்டருக்குச் செலவழிக்கும் காசைப் பேட்டரி காற்று மோட்டாருக்குக் கொடுங்கள். சித்திரை வெயிலில் தண்ணீர் சூடாகச் சூடாக ஆக்சிஜன் குறையும். அந்த நேரம் பார்த்துத்தான் கரண்டும் போகும். மூடியைக் கழற்றி வலை கட்டி, சின்ன ஃபேனை நீர்மட்டத்தின்மேல் திருப்பினால் 2 டிகிரியாவது இறங்கும்.