பழைய கார்டில் வல்கன் ஓடுமா? முதலில் சிப்பின் பெயரைப் பாருங்கள்

"மாமா, டைரக்ட்எக்ஸ் 12ன்னு தெளிவா காட்டுது. அப்புறம் ஏன் ஓடலை?" என்று அக்கா மகன் கேட்டான். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கேம் செய்யப் பழக வேண்டும் என்று ஆசை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டைப் பழைய கணினியில் போட்டு, கேம் செய்ய உதவும் காடோ 4 மென்பொருளை இறக்கி, முதல் புராஜெக்டைத் திறந்தால் வல்கன் இல்லை என்று அறிவிப்பு. டைரக்ட்எக்ஸ், வல்கன் இரண்டும் மென்பொருள் கிராபிக்ஸ் கார்டோடு பேசும் வெவ்வேறு வழிகள். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை மூன்று தடவை மாற்றிப் பார்த்திருக்கிறான். அவனுக்கு வீணான இரண்டு நாள் இன்னொரு பிள்ளைக்கு வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

விண்டோஸில் கணினியின் விவரம் காட்டும் டிஎக்ஸ்டயாக் கருவியைத் திறந்ததும் முதல் பக்கத்தில் தெரியும் 'டைரக்ட்எக்ஸ் 12' உங்கள் கார்டைப் பற்றியது அல்ல. அது விண்டோஸுடன் வந்த பதிப்பு. டிஸ்பிளே பக்கத்துக்குப் போய் 'ஃபீச்சர் லெவல்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே முதலில் இருக்கும் எண்தான் கார்டின் உண்மையான தகுதி. டைரக்ட்எக்ஸ் 12 ஓட 11_0 இருந்தாலே போதும். ஆனால் 12_0, 12_1 கேட்கும் கேம்கள் அதில் திறக்காது.

வல்கனுக்கு இந்த எண் உதவாது, அது வேறு கணக்கு. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, கீழே வல்கன் கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அதிலேயே சிப்பின் பெயரும் இருக்கும். அவன் கார்டில் டிக் இல்லை, சிப் ஜிஎஃப்108. விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது.

ஜிடி 730 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு தலைமுறைச் சிப்கள் வந்திருக்கின்றன. 96 கோர், 128 பிட் டிடிஆர்3 மெமரி என்றால் அது ஃபெர்மி தலைமுறை, அவனுடைய ஜிஎஃப்108 இதுதான். 384 கோர், 64 பிட் என்றால் கெப்ளர், சிப் ஜிகே208. ஃபெர்மிக்கு என்விடியா 2017இல் டிரைவர் வழியாக டைரக்ட்எக்ஸ் 12 கொடுத்தது, வல்கன் கொடுக்கவே இல்லை. எத்தனை டிரைவர் மாற்றினாலும் வராது. கெப்ளருக்கு வல்கன் 1.2 வரை உண்டு, டிரைவர் 470 வரிசையோடு நின்றுவிடும். 128 பிட் பெரியதாயிற்றே என்று பார்த்து வாங்குபவர்தான் இதில் ஏமாறுகிறார். எனக்கு அதுதான் வருத்தம்.

சரி, ஃபெர்மிதான் கையில் இருக்கிறது என்றால்? கார்டைத் தூக்கிப் போட வேண்டாம். காடோவில் புதிய புராஜெக்ட் தொடங்கும்போது படத்தை வரையும் ரெண்டரராக 'கம்பாட்டிபிலிட்டி'யைத் தேர்ந்தெடுங்கள். அது வல்கன் கேட்காது, அதைவிடப் பழைய வழியான ஓப்பன்ஜிஎல் 3.3 போதும். ஏற்கெனவே தொடங்கிய புராஜெக்ட் திறக்கவே மறுத்தால், அதன் ஃபோல்டரில் இருக்கும் புராஜெக்ட் கோப்பை நோட்பேடில் திறந்து, ரெண்டரிங் மெத்தட் மதிப்பை ஜிஎல்_கம்பாட்டிபிலிட்டி (gl_compatibility) என்று மாற்றிச் சேமியுங்கள். வால்யூமெட்ரிக் மூடுபனி, எஸ்டிஎஃப்ஜிஐ ஒளி போன்ற 3டி காட்சி நயங்கள் கிடைக்காது. மருமகன் செய்வது 2டி கபடி ஆட்டம். அதற்கு இவை எதுவும் வேண்டாம்.

ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி உண்டு. என்னிடம் 2012இல் வெளிவந்த எச்டி 7750 இருக்கிறது. 55 வாட், தனி பவர் கேபிள்கூட வேண்டாம். லினக்ஸில் வல்கன் இல்லை என்றுதான் முதலில் காட்டியது. காரணம், லினக்ஸின் மையமான கெர்னல் அதைப் பழைய 'ரேடியான்' டிரைவரோடு ஏற்றியிருந்தது. கணினியைத் தொடக்கும் க்ரப் மென்பொருளின் அமைப்பில் கெர்னல் வரிக்குப் போய், ரேடியானின் எஸ்ஐ_சப்போர்ட் மதிப்பை 0 ஆகவும் (radeon.si_support=0), புதிய டிரைவரான ஏஎம்டிஜிபியுவின் எஸ்ஐ_சப்போர்ட் மதிப்பை 1 ஆகவும் (amdgpu.si_support=1) சேர்த்து, க்ரப்பைப் புதுப்பித்து மறுபடி தொடங்கினேன். வல்கன் 1.3 வந்துவிட்டது! எஸ்ஐ என்பது என் கார்டின் சிப் தலைமுறை. எச்டி 7790 மாதிரி அடுத்த தலைமுறைச் சிப் என்றால் எஸ்ஐ இருக்கும் இடத்தில் சிஐகே (cik) போடுங்கள். ஏற்கெனவே ஏஎம்டிஜிபியு ஓடிக்கொண்டிருந்தால் எதையும் தொட வேண்டாம்.

லினக்ஸில் இன்னொரு இடத்தில் கவனம் வேண்டும். வல்கன் விவரம் காட்டும் வல்கன் இன்ஃபோ கட்டளையை ஓட்டும்போது சாதனத்தின் பெயர் 'எல்எல்விஎம்பைப்' என்று வந்தால், வேலை செய்வது கார்டு அல்ல, பிராசசர். எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், படம் மட்டும் நத்தையாக நகரும். அப்புறம், விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஆட, டைரக்ட்எக்ஸை வல்கனாக மாற்றித்தரும் டிஎக்ஸ்விகே பயன்படுத்துபவர்கள், கெப்ளர் கார்டில் 1.10.3 பதிப்பிலேயே இருங்கள். 2.0 முதல் அது வல்கன் 1.3 கேட்கிறது.

புதிதாக ஒரு பழைய கார்டு வாங்குவதென்றால் நான் ஜிடிஎக்ஸ் 750 டிஐ பார்க்கச் சொல்வேன். 2014இல் வந்தது, 60 வாட். ஃபீச்சர் லெவல் 11_0தான், ஆனாலும் வல்கன் 1.3 ஓடும். எந்தக் கார்டானாலும் காசு கொடுப்பதற்கு முன் விற்பவரிடம் ஜிபியு-இசட் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, சிப்பின் பெயரையும் வல்கன் கட்டத்தையும் நீங்களே பாருங்கள்.