பழைய பெட்ரோல் பிக்கப்பில் சோக் தகராறு செய்தால் எங்கிருந்து பார்ப்பது?

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தாப்பா, பீடோர் பக்கத்துத் தோட்டங்களில் பழைய பெட்ரோல் பிக்கப் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆனபிறகு கறுப்புப் புகை தள்ளுகிறது என்று பட்டறைக்குப் போனால், "கார்புரேட்டரையே மாத்திடுங்க" என்று சொல்லிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். முதலில் சோக்கைப் பாருங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு டப்பா கார்ப் கிளீனர், 12 வோல்ட் டெஸ்ட் லைட், இவ்வளவு இருந்தால் வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்.

சோக் என்பது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் வாயில் இருக்கும் வட்டத் தட்டு. சூடான என்ஜினுக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று போதும். குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதனால் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். தட்டு காற்றை மறித்து அதைக் கொடுக்கிறது. நம் ஊரில் விடியற்காலையிலும் பெரிய குளிர் கிடையாது, ஆகவே சோக் கொஞ்ச நேரம் மூடியிருந்தால் போதும். குளிர்நாட்டில் சோக் மூடாவிட்டால் வண்டி கிளம்பாது. நமக்குத் தொல்லை, மூடியது திறக்காமல் நிற்பதுதான். பெட்ரோல் வாரிக் குடிக்கும், பிளக் கரியாகும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கிவிடும்.

வேலையைக் காலையில் செய்யுங்கள், இரவு முழுக்க நின்ற வண்டியில். கியரை நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிடுங்கள். பக்கத்தில் சிகரெட், கொசுவத்தி எதுவும் வேண்டாம். ஏர் ஃபில்டர் மூடியின் நடுவில் இருக்கும் விங் நட்டைக் கழற்றும்போது கை கவனம், அது நழுவிக் கார்புரேட்டர் வாய்க்குள் விழுந்தால் அன்றைய வேலை அதோடு போச்சு.

சரி, டேஷ்போர்டில் இழுக்கிற குமிழ் இருந்தால் அது கேபிள் சோக். ஒருவரை இழுக்கச் சொல்லி நீங்கள் தட்டைப் பாருங்கள். இழுத்தால் வாயை மூட வேண்டும், உள்ளே தள்ளினால் நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்து நின்றால்கூட அது பாதி சோக்கில் ஓடுகிற வண்டிதான். கேபிளைப் பிடிக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழை 2 மில்லிமீட்டர் மட்டும் வெளியே இழுத்து வைத்து, தட்டை விரலால் முழுசாகத் திறந்து பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவை முடுக்குங்கள். அந்த 2 மில்லிமீட்டர் இருந்தால்தான் குமிழை முழுக்கத் தள்ளும்போது தட்டு கடைசிவரை திறக்கும்.

குமிழ் இல்லையென்றால் ஆட்டோ சோக். இதில் புதிதாகப் பார்ப்பவர்கள் பானெட்டைத் திறந்ததும் "தட்டு திறந்தே கிடக்குதே, கெட்டுப்போச்சு" என்று முடிவுகட்டிவிடுவார்கள். எக்சலரேட்டரை ஒரு தடவை நன்றாக மிதித்து விட்டுவிட்டுப் பாருங்கள். மிதித்தால்தான் பிடி விலகி, உள்ளே இருக்கும் சுருள் தட்டை மூடும். மிதித்தும் மூடவில்லை என்றால்தான் கோளாறு.

எந்த சோக்காக இருந்தாலும் தட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். தடங்கலில்லாமல் ஓட வேண்டும். தோட்டத்துச் செம்மண் தூசி தட்டின் தண்டு இரு பக்கமும் நுழைகிற ஓட்டையில் போய் அப்பிக்கொள்ளும். அங்கே கார்ப் கிளீனரை அடித்து, ஆட்டி, மறுபடி அடித்து, கறுப்புத் தண்ணி வடிவது நிற்கும்வரை செய்யுங்கள். அதன்மேல் என்ஜின் எண்ணெயோ கிரீஸோ மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். இன்றைக்கு வழுக்கும், நாலு வாரத்தில் தூசியெல்லாம் அதில் ஒட்டி முன்னைவிட மோசமாக இறுகும்.

அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அந்த நேரம் முகத்தைக் கார்புரேட்டருக்கு மேலே நீட்டாதீர்கள், நெருப்பு திருப்பி அடிக்கும். வாய்க்குள் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்வதும் வேண்டவே வேண்டாம். ஆட்டோ சோக்கில் என்ஜின் பிடித்த உடனே தட்டு சில மில்லிமீட்டர் திறக்க வேண்டும். திறக்காமல் என்ஜின் மூச்சுத்திணறி நின்றால், பக்கத்தில் இருக்கும் சின்ன டயஃப்ரம் டப்பாவைச் சந்தேகப்படுங்கள், என்ஜின் உறிஞ்சும் இழுப்பில் தட்டைத் திறப்பது அதுதான். என்ஜினை நிறுத்தி, டப்பாவுக்குப் போகிற டியூப்பைக் கழற்றி, டப்பாவின் கம்பியை உள்ளே தள்ளி, டியூப் மாட்டும் மூக்கை விரலால் அடைத்துவிட்டுக் கம்பியை விடுங்கள். கம்பி அப்படியே நின்றால் நல்லது, திரும்பி வந்தால் உள்ளே ரப்பர் கிழிந்திருக்கிறது. டியூப்பையும் வளைத்துப் பாருங்கள், சூட்டில் வெடித்திருக்கும்.

என்ஜின் சூடாகச் சூடாகத் தட்டு தானாகத் திறந்து நிமிர வேண்டும். நிமிராவிட்டால், மின்சார சோக்கில், சூடேற வேண்டிய சுருள் இருக்கும் வட்ட மூடிக்குப் போகிற வயரில் டெஸ்ட் லைட்டை வைத்துப் பாருங்கள், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஏனென்றால் சில வண்டிகளில் கரண்ட் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும். லைட் எரியாவிட்டால் ஃபியூஸ், துருப்பிடித்த முனை. எரிந்தும் மூடி சூடேறவில்லையா, உள்ளே கம்பி போய்விட்டது, மூடியை மாற்ற வேண்டியதுதான். சுடுதண்ணீர் ஓடுகிற வகையாக இருந்தால் அந்த ஹோஸ் சூடாகிறதா, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் என்ஜின் ஆறியபிறகு திறக்கவும்.

வட்ட மூடியைத் திருப்பிச் சரிசெய்ய நினைத்தால், முதலில் மார்க்கர் பேனாவால் இருக்கிற இடத்தைக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மூன்று ஸ்க்ரூவையும் தளர்த்தி, மூடியின் ஓரத்தில் இருக்கும் அளவுக்கோடுகளில் ஒரு கோடு அளவு மட்டும் திருப்பி, மறுநாள் காலை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கோடு. கேமரன் மலைக்குக் காய்கறி ஏற்றப் போகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த வழியில் வருகிற ரிங்லெட் ஊர் ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கே காற்று மெலிது, அதனால் கலவையில் பெட்ரோல் தானாகவே கூடும். தாப்பாவில் ஏதோ ஓடுகிற வண்டி, சோக் கொஞ்சம் மூடியிருந்தாலும் மலையில் இருமி இருமித்தான் ஏறும்.

தட்டு செங்குத்தாக நின்றும் கறுப்புப் புகை வந்தால் சோக்கை விட்டுவிடுங்கள். ஏர் ஃபில்டரைப் பாருங்கள், பிறகு கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையும் அதன் ஊசியும்.

சோக் சரியானதும் பிளக்குகளைக் கழற்றிக் கரியைத் துடையுங்கள். எண்ணெய்க் குச்சியை இழுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் என்ஜின் எண்ணெயை அன்றைக்கே மாற்றிவிடுங்கள், அடுத்த சர்வீஸ் வரட்டும் என்று தள்ளிப்போட்டால் பேரிங் தேயும். ஹாஃப் கட் கடையில் (பழைய வண்டி உதிரிபாகம் விற்கிற கடை) சோக்கின் வட்ட மூடி வாங்கப் போகும்போது பழைய மூடியைக் கையோடு கொண்டுபோங்கள், உள்ளே இருக்கும் சுருள் எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தபிறகு காசு கொடுங்கள்.